கடைசி வரிக்கு ஒரு ஜாம் பாட்டில்

நோலீன் பர்டன் நாற்பது வருஷம் எழுதினார், யாரும் படிக்கவில்லை. வம்புக்குச் சொல்லவில்லை, அவரே காபி கலக்கிக்கொண்டு வாய்விட்டுச் சொல்வதுதான். தண்ணீர் பம்ப், ஆப்பிள் தரம் பிரிக்கிற மிஷின், பால் குளிர வைக்கிற தொட்டி என்று தாஸ்மேனியாவில் ஓடுகிற பாதி இயந்திரங்களோடு பெட்டிக்குள் வருகிற கையேடு அவர் எழுதியது. அதெல்லாம் இன்றைக்கு ஏதாவது ஒரு கொட்டகையில் மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்துக்கொண்டு கிடக்கும்.

ஒருமுறை வெறுத்துப்போய் ஒரு காரியம் செய்திருக்கிறார். பம்ப் கையேடு ஒன்றின் இருபத்தேழாம் பக்கத்தில், திருகாணி அளவுகளுக்கு நடுவே ஒரு வரியை நுழைத்துவிட்டார். "இந்த வரியைப் படித்தவர் எனக்கு எழுதினால், என் வீட்டு ராஸ்பெரி ஜாம் ஒரு பாட்டில் அனுப்பி வைக்கிறேன்." கீழே முகவரியும் போட்டிருந்தார். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, ஒரு கடுதாசி வரவில்லை. ஆனாலும் மனுஷி ஒவ்வொரு ஜனவரியும் ஜாம் காய்ச்சி, ஒரு பாட்டிலை ஆபீஸில் தன் மேஜைக்கு மேலே இருக்கிற அலமாரித் தட்டில் வைப்பார். அடுத்த ஜனவரி புது பாட்டில் வந்ததும் பழையதை நாங்கள் தின்று தீர்ப்போம்.

"எழுதினா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அனுப்புவேன் கண்ணு. சொன்னா சொன்னதுதான்."

அவருக்கு எல்லாரும் கண்ணுதான். பேக்கரிக்காரர், தபால்காரர், எங்கள் முதலாளி மரே, எல்லாரும். மேகலா என்ற என் பேரை முதல் நாளே 'மெக்' என்று நறுக்கிவிட்டார். ஹோபார்ட்டுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. அறுபத்தோரு வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இப்போதெல்லாம் எனக்கும் கூசுவதில்லை.

எங்கள் ஆபீஸ் ஊருக்குள் மூனா பகுதியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். காலையில் சிப்பிக்கறி அடைத்துச் சுடுகிற ஸ்காலப் பை வாசனையில் யாருக்கும் வேலை ஓடாது. தோட்டத்துத் தெர்மாமீட்டர், தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனக் கிடங்கு இதெல்லாம் என்ன சொல்கிறதோ அதை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்குள்ளே ஓடுகிற சமாச்சாரத்துக்கு வெப்ஹூக் என்று பேர். பெரிய மாயமெல்லாம் இல்லை. இங்கே ஒன்று நடந்தால், அங்கே உள்ள ஒரு முகவரியைத் தானாகவே தட்டி 'நடந்துடுச்சு' என்று சொல்லும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

போன வருஷம் மரேக்கு ஏஐ ஏஜென்ட் மோகம் பிடித்தது. வாடிக்கையாளர் வாயால் சொன்னால் போதும், ஏஜென்ட் என்கிற மென்பொருள் எங்கள் கருவிகளை எடுத்து வேலையை முடித்துவிடும். கருவிகளை எழுதியது நான். வெப்ஹூக்கை உண்டாக்க ஒன்று, பட்டியல் போட ஒன்று, நீக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு விளக்கம் வேண்டும். ஏஜென்ட் அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது தொடலாம் என்று தெரிந்துகொள்ளும். நீக்குகிற கருவிக்கு நான் அவசரத்தில் ஒரே வரி எழுதி வைத்தேன்: 'பயன்படாத வெப்ஹூக்குகளை நீக்குவதற்கு.'

"போதும்," என்றார் மரே. "படிக்கப்போறது மிஷின். அதுக்குப் போய்க் கதை சொல்லணுமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு வரிக்கு மேல் எழுதுகிறவர்களைக் கண்டாலே அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் இளக்காரம். ஹுவான் பள்ளத்தாக்கில் ஒரு பழத்தோட்டக்காரர் சங்கம் இருக்கிறது, அவர்களிடம் முதலில் சோதனைக்கு விட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் நோலீனிடம் அந்த வேலை வந்தது: 'எல்லாக் கருவிக்கும் ஒழுங்கா விளக்கம் எழுதிக் கொடு.'

அவருக்கு ஒரு முறை உண்டு. எழுதினதை யார் கையிலாவது கொடுத்து, அதில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்யச் சொல்வார். அப்படி ஒருதரம் மரேயை டீ போட வைத்தபோது, 'தண்ணீர் ஊற்றவும்' என்று இருந்ததே தவிர 'கோப்பையில்' என்று இல்லாததால் மேஜையெல்லாம் நனைந்தது. அந்த வியாழக்கிழமை மத்தியானம், செப்டம்பர் கடைசி, இங்கே வசந்தகாலம், என்னைப் பிடித்து உட்கார வைத்தார். பன்னிரண்டு அட்டைகள் வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வெப்ஹூக்கின் பேர், கடைசியாக எப்போது அழைத்தது என்ற தேதி.

"இன்னிக்கு நான்தான் ஏஜென்ட். உன் ஒரு வரியைப் படிச்சிருக்கேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. நீ வாடிக்கையாளர். சொல்லு."

"பயன்படாததை எல்லாம் எடுத்துடுங்க," என்றேன் கொட்டாவி விட்டுக்கொண்டு.

பழைய தேதி உள்ள அட்டைகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஐயோ, அது பேக்கரி தீ அலாரம்!"

"கடைசியா அழைச்ச தேதி: ஒருபோதும் இல்லை. அப்ப பயன்படாததுதானே?"

"தீ பிடிச்சாத்தானே அது அழைக்கும்!"

"எங்க எழுதியிருக்கு?"

நோலீன் அட்டையைக் கூடையிலிருந்து எடுத்து ஊதித் துடைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "மெக், இந்தக் கருவியை இதுவரைக்கும் யாராவது உபயோகிச்சாங்களா?"

சங்கத்தின் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒன்பது நாளைக்கு முன்னால் அங்கே யாரோ ஏஜென்ட்டிடம் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அது பணிவாக ஓர் அறிக்கையும் விட்டிருக்கிறது: 'தொண்ணூறு நாட்களாக அழைக்காத ஏழு வெப்ஹூக்குகள் நீக்கப்பட்டன.' கீழே பேர்கள். ஆறு பேர்கள் பழைய தொட்டி, விற்றுப்போன லாரி என்று கழித்துப்போட வேண்டியவைதான். ஏழாவது 'பள்ளம்-1'.

எனக்கு அது வெறும் பேர். நோலீன் பிறந்தது அதே பள்ளத்தாக்கில் ஃபிராங்க்ளின் என்கிற ஊரில், அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அது டல்லஸ் பிராம்லியோட செர்ரித் தோட்டம். ஆத்தோரம் தாழ்வா இருக்கும், குளிர் எல்லாம் இறங்கி அங்கதான் தேங்கும். அது உறைபனி அலாரம், மெக். வசந்தத்துல ரெண்டு மாசம்தான் வேலை. மீதி நாளெல்லாம் வாயே திறக்காது."

இன்றைக்கு ராத்திரி என்ன குளிர் என்று பார்த்தேன். பள்ளத்தாக்கில் மைனஸ் இரண்டு. செர்ரி இப்போது முழுப் பூவில் நிற்கிற சமயம். தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கினால் வெப்ஹூக் பம்ப்பைத் தட்ட வேண்டும். பம்ப் தண்ணீரை மழையாகப் பூமேல் தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் உறைந்து மேலே ஓடு கட்டினால் உள்ளே பூ பிழைத்துக்கொள்ளும். தட்ட ஆள் இல்லையென்றால் ஒரே ராத்திரியில் அந்த வருஷத்துச் செர்ரி போச்சு.

இங்கிருந்தே சரிசெய்யவும் வழியில்லை. நீக்கும்போது பம்ப்பின் முகவரி, ரகசியச் சாவி எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தமாகத் துடைக்கிற மாதிரிதான் கருவியை எழுதியிருந்தேன். அந்தச் சுத்தத்தில் எனக்குப் பெருமை வேறு! டல்லஸுக்கு நாலு முறை போன் போட்டோம். எடுக்கவில்லை.

"டிராக்டர்ல இருப்பான். காதுல பஞ்சு," என்று நோலீன் கார் சாவியை எடுத்தார். "கம்ப்யூட்டரைத் தூக்கு, கிளம்பு."

வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே போனேன். என் வேலை போய்விடும், டல்லஸ் பிழைப்பு போய்விடும், ஒரு வரி, ஒரே ஒரு வரி. நோலீன் வேகத்தைக் கூட்டினார். ஹுவான்வில்லில் பெட்ரோல் பங்க் கண்டதும் சடக்கென்று திருப்பி இறங்கி, இரண்டு மூட்டை ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஐஸா? இப்பவா? பார்ட்டி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"பேசாம மடியில வெச்சுக்க."

தொடை மரத்துப்போகப் போய்ச் சேர்ந்தோம். டல்லஸ் வாசலில் நிற்கிறார், வண்டி எஞ்சின் ஓடுகிறது, பின்னால் பை. அறுபதைத் தாண்டிய ஆள், நோலீனோடு ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்.

"அடடே, கையேட்டுக்காரி! யாரு செத்துட்டா? இப்படிப் பறந்து வர்றே?"

"நீ எங்க கிளம்பிட்டே?"

"லான்செஸ்டன். நாளைக்குக் காலையில என் பேத்திக்கு நெட்பால் ஃபைனல். ராத்திரி அங்கதான்."

"இன்னிக்குப் பனி விழும்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன? அதுக்குத்தானே உங்க அலாரம் இருக்கு. நான் தூங்கினாலும் அது தூங்காது."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. நோலீன் என் பக்கம் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது நீதான் என்று அர்த்தம். சொன்னேன். என் கருவி, என் வரி, உங்கள் அலாரம் ஒன்பது நாளாக இல்லை. டல்லஸ் எஞ்சினை நிறுத்தினார். தோட்டத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்து நின்றது.

"ஒன்பது நாள்," என்றார். "ஒன்பது நாளும் நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன்." அப்புறம், "சரி, அழுதது போதும் பொண்ணே. பம்ப் கொட்டகை அந்தப் பக்கம்."

பம்ப் பெட்டியின் சின்னத் திரையில் முகவரி இருந்தது, முப்பத்திரண்டு எழுத்துச் சாவியும் இருந்தது. பள்ளத்தில் சிக்னல் வந்து வந்து போகும். டல்லஸ் தன் வண்டியின் பின்தட்டில் ஏறிப் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நோலீன் ஒவ்வொரு எழுத்தாகக் கத்த, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தட்டினேன். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதில் பச்சை விளக்கு வந்தது.

"அப்பாடா, முடிஞ்சுது," என்று எழுந்தேன்.

"எங்க முடிஞ்சுது?" என்றார் நோலீன். "தெர்மாமீட்டரைக் கழட்டிக்கிட்டு வா டல்லஸ்."

டல்லஸ் மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகிற ஐஸ் பெட்டியில் இரண்டு மூட்டையையும் கொட்டி, தெர்மாமீட்டரை அதற்குள் சொருகினோம். மரங்களுக்கு நடுவே மூன்று பேரும் குந்திக்கொண்டு எண்ணைப் பார்த்தோம். பதினொன்று. ஏழு. நாலு. இரண்டு. ஒன்று. அரை. ஒன்றும் நடக்கவில்லை.

"மெக்," என்றார் நோலீன்.

"இருங்க, இருங்க..."

டல்லஸ் பாக்கெட்டில் போன் அலறியது. கொட்டகையில் பம்ப் ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மறு நிமிஷம் தலைக்குமேல் அத்தனை தெளிப்பான்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆற்றுத் தண்ணீர்! ஊசி மாதிரி குத்துகிற குளிர்! கம்ப்யூட்டரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். நோலீன் ஓடவே இல்லை. நின்ற இடத்தில் நின்று நனைந்தபடி சிரித்தார். டல்லஸ் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாப்பது வருஷமா உன் கையேட்டைப் படிக்காததுக்குப் பழி வாங்கிட்டே, இல்ல?"

"உனக்கு இதெல்லாம் பத்தாது," என்றார் நோலீன்.

தெர்மாமீட்டரைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, டல்லஸ் உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக லான்செஸ்டனுக்குக் கிளம்பினார். விடிகாலை நாலு மணிக்கு அங்கே அவர் போன் அடித்திருக்கிறது. பம்ப் தானாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாராம். காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்த படம் எங்களுக்கு வந்தது. ஒவ்வொரு பூவும் ஐஸ் ஓட்டுக்குள், வெயிலில் பளபளவென்று. நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். சொல்ல என்ன வெட்கம்.

அந்த வெள்ளிக்கிழமையே நோலீன் விளக்கத்தை எழுதினார். பன்னிரண்டு வரி. மரே பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஒரு கருவிக்கா இவ்வளவு? யாரு படிப்பா?"

நோலீன் எழுந்து வந்தார். பன்னிரண்டு அட்டைகளையும் என் பழைய வரியையும் அவர் முன்னால் பரப்பினார். மரே பொறுக்கினார், போட்டார், பொறுக்கினார், போட்டார். தீ அலாரமும் போயிற்று. கீழே பேக்கரி அடுப்பிலிருந்து புகை வாசனை சரியாக அந்த நேரம் பார்த்து ஏறி வந்தது. மரே அட்டையைத் திரும்ப எடுத்துவிட்டு, "பன்னிரண்டு வரியே இருக்கட்டும்," என்றார்.

நோலீன் என்னையும் விடவில்லை. "எல்லாத்தையும் எழுத்தே தாங்கணும்னா எப்படி? நீயும் கொஞ்சம் தாங்கு," என்று சொல்லி, நீக்கியதை முப்பது நாள் எடுத்து வைத்திருந்து திரும்பக் கொடுக்கிற மாதிரி கருவியையே மாற்றி எழுத வைத்தார். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. விளக்கத்தின் முதல் நாலு வரியைப் பார்த்தேன், 'நீண்ட நாள் அழைக்காதது பயனில்லாதது என்று எடுத்துக்கொள்ளாதே' என்று இருந்தது. பிரமாதம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து டல்லஸ் இரண்டு பெட்டி செர்ரி கொண்டுவந்து போட்டார். வாயெல்லாம் சிவக்கத் தின்றோம். ஜனவரியில் புது ஜாம் வந்து தட்டில் உட்கார்ந்தது.

மே மாதம் ஒருநாள் நோலீனுக்குப் போன். டல்லஸ். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏய் நோலீன், சங்கத்துல மறுபடியும் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காங்க. அந்த ஏஜென்ட் எனக்கு ஒரு கடுதாசி அனுப்பியிருக்கு. படிக்கிறேன் கேளு. 'பள்ளம்-1 ஏழு மாதமாக யாரையும் அழைக்கவில்லை. அது எதற்காக என்று எனக்குத் தெரியாததால் நான் அதை நீக்கவில்லை. வருஷத்தில் எந்த மாதங்களில் அது அழைக்கும் என்று சொன்னால், அடுத்து வருபவருக்காகக் குறித்து வைக்கிறேன்.' என்ன இது? நீயே உள்ள போய் உக்காந்துக்கிட்டுக் கேக்குறியா?"

நோலீன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். "நீ என்ன சொன்னே?"

"செப்டம்பர், அக்டோபர்னு சொன்னேன். சரி, குறிச்சுக்கிட்டேன், நன்றின்னு சொல்லிச்சு. என் பிள்ளைங்க கூட இவ்வளவு மரியாதையா கேட்டதில்ல."

நோலீன் போனை வைத்தார். கண் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை. பிறகு எழுந்து தட்டிலிருந்து ஜாம் பாட்டிலை இறக்கினார்.

"நாப்பது வருஷம், மெக். முதல் தடவையா ஒருத்தர் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க."

"கொடுத்துட வேண்டியதுதானே," என்றேன். "சொன்னா சொன்னதுதான்."

"அது ஜாம் சாப்பிடாது. அதனால நீ எடுத்துக்கோ. உன் கருவிதானே." பாட்டிலை நீட்டினார். நான் கை நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசி வரி என்ன?"

திரும்பிப் பார்த்தேன். மரே தன் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். எனக்கு முதல் நாலு வரிதான் தெரியும். எட்டு மாதமாக என் கருவிக்குமேல், என் பேருக்குக் கீழே இருந்த பன்னிரண்டு வரி. ஐந்தாவது வரி என்ன என்று கேட்டாலும் தெரியாது.

நோலீன் என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. அப்படிச் சிரித்தார், மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

"போ கண்ணு," என்று ஜாமைத் திரும்பத் தட்டில் வைத்தார். "படிச்சுட்டு வா."

என் மேஜைக்குப் போய்த் திறந்து, முதல் வரியிலிருந்து படித்தேன். பன்னிரண்டாவது வரி: 'எதற்கென்று தெரியாவிட்டால் உரியவரைக் கேள், கேட்டதை அடுத்து வருபவருக்காகக் குறித்து வை.'